அழிக்கிற பாண்

அவற்ற பேரை நான் எழுதப்போறேல்லை. எழுதினாலும் உங்களுக்கு வாய்க்குள்ள வராது. எனக்கே மூண்டு வருசம் வரேல்லை. வீட்டில நாங்கள் பாண்காரர் எண்டுதான் சொல்லுறது. ஊரில பாண்காரர் எண்டால் பேக்கரியில சுட்ட பாணை வாசலில கொண்டுவந்து தாறவர். இவர் என்னட்ட இருந்து பாண் கொண்டுபோனவர். இப்ப குடும்பத்தோட வடக்கை ஹம்மர்பெஸ்டில இருக்கிறார். நத்தாருக்கு ஒரு அட்டை வரும். படம் கீறுறதில இவ்வளவு பெரிய ஆள், அட்டையில கையெழுத்து மட்டும்தான் இருக்கும்.

குறொன்லாண்டில இருந்து பத்து நிமிச நடையில ஒரு பெரிய கந்தோர்க் கட்டடம், மாடி மாடியா ஒபிஸ். அதின்ர கீழ்மாடிக் கன்ரீனில எனக்குப் பதினாறு வருசமா வேலை. காலமை வீட்டடியில, ஹவுகெட்டோவில ரெயின் எடுத்தால் ஏழு மணிக்கு முதல் சூப் அடுப்பில ஏறியிருக்கும். அவர் அந்தக் கட்டடத்தைத் துப்புரவாக்க வந்தவர். நிரந்தர வேலை இல்லை. ஆரும் வராட்டிக் கூப்பிடுற விக்கார், ஆனால் ஒவ்வொரு நாளும் ஆரோ வராமல் நிப்பினம். ஆர்மேனியா எண்டு சொன்னார். அது எந்தப் பக்கம் எண்டு எனக்கு அப்ப தெரியாது. கிறிஸ்தவ நாடு எண்டு சொன்ன உடன, வேதக்காரி எண்டபடியா எனக்குக் கொஞ்சம் பட்சம் வந்தது உண்மை. எப்படி வந்தவர், என்ன கடதாசியில நிக்கிறார் எண்டு எங்கட ஆக்கள் முதல் கேள்வியாக் கேட்பினம். நான் கேட்கேல்லை. கேட்க ஆசைதான், நோர்ஸ்க்கில, நோர்வேப் பாசையில, அதை மரியாதையாக் கேட்க எனக்குத் தெரியேல்லை.

நாங்கள் கதைச்சது முழுக்க நோர்ஸ்க்கில. அவற்றதும் நொண்டி, என்ரதும் நொண்டி. இஞ்ச நான் எழுதிறது என்ர தமிழில. "அக்கா" எண்டது மட்டும் அவர் வாயால வந்தது. கன்ரீனில இன்னொரு தமிழ்ப் பிள்ளை என்னை அப்படிக் கூப்பிடுறதைக் கேட்டுப் பழகிவிட்டார். என்னைவிட ஒரு வயசு மூப்பு, அவருக்கும் நான் அக்கா.

ஒருநாள் ரெண்டு மணி போல, மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு நான் மிச்சங்களை வாளிக்குள்ள கொட்டிக்கொண்டு நிக்க, வந்து நிண்டார். பழம் பாண் இருக்குதோ எண்டு கேட்டார். வெள்ளைப் பாணாம், விதை போட்ட மண்ணிறப் பாண் சரிவராதாம். எறியிற பாணாத்தான் இருக்கோணுமாம்.

எங்கட ஆக்களிட்ட ஒருத்தர் வந்து பழம் பாண் கேட்டால் அதுக்கு ஒரு கருத்துத்தான் இருக்குது. மனுசன் பசியில நிக்குது, கேட்க வெக்கப்படுது. நான் பாணைக் குடுக்கேல்லை. எனக்கெண்டு கொண்டுவந்த சோறையும் ஆட்டுக்கறியையும் சூடாக்கி முன்னால வச்சன். பேசாமல் இருந்து சாப்பிட்டார். உறைப்புக்குக் கண்ணால தண்ணி ஓட ஓட முழுதும் சாப்பிட்டு, கோப்பையைக் கழுவி வச்சிட்டுத் திரும்பி வந்து, "பாண்?" எண்டார்.

எனக்கு இது பிடிபடேல்லை. சோறு காணாதாக்கும் எண்டு அடுத்த நாள் கூடக் கொண்டுபோனன். சாப்பிட்டார், கழுவினார், பாண் கேட்டார். மற்ற நாள் புட்டு. சாப்பிட்டார், கழுவினார், பாண் கேட்டார். இது ஒரு கிழமை நடந்தது. என்ர மனுசன் வீட்டில, நீ ஆருக்கு உவ்வளவு கட்டுறாய் எண்டு நக்கலடிக்கத் தொடங்கிவிட்டார். கடைசியா விசர் பிடிச்சு ஒரு பை நிறைய வெள்ளைப் பாண் அள்ளிக் குடுத்தன். அவர் அதில ரெண்டு துண்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தந்தார்.

அதுக்குப் பிறகுதான் கண்டனான். யன்னலோரக் கடைசி மேசையில மடியில ஒரு பலகை, அதில ஒரு பெரிய தாள், கையில கரித்துண்டு. எட்டிப் பாத்தால், தாளுக்குள்ள நான் நிக்கிறன். இடுப்பில ஒரு கையை வச்சுக்கொண்டு, மற்றக் கையில கரண்டி, ஏப்பிரன் முடிச்சுப் பின்னால தளர்ந்து தொங்குது. என்ர அம்மா அயல்வீட்டோட சண்டைக்கு நிக்கேக்க நிக்கிற அதே நிலை. நான் அப்படித்தான் நிக்கிறனான் எண்டு எனக்கு அதுவரைக்கும் தெரியாது. படம் பிடிக்கவெண்டு போனை எடுக்க உள்ளுக்குள்ள ஓடினன். வாறதுக்குள்ள அவர் பாணின்ர நடுப் பஞ்சை விரலால உருட்டிப் பிசைஞ்சு என்னை அழிச்சுப்போட்டார்.

எனக்கு அப்ப வந்த கோவத்துக்கு அளவில்லை. ஏன் அழிச்சனீங்கள் எண்டு கேட்டன். தோள் பிழையாம். அழிறப்பர் கடையில நாலு குரோனருக்கு விக்குது, அதுக்கேன் பாண் எண்டு கேட்டன். பாண்தான் தாளை நோகப்பண்ணாது, கரியை மெதுவாத் தூக்கி எடுக்கும் எண்டார். அப்ப கடையில பாண் வாங்கி அழியுங்கோவன் எண்டன். அவர் என்னைப் பாத்த பார்வையில நான் ஏதோ கெட்ட கதை கதைச்சமாதிரி இருந்தது. காசு குடுத்து வாங்கின பாணைத் தின்னோணும், எறியப்போற பாணாலதான் அழிக்கலாம். அவற்ற சட்டம் அது. கீழ விழுந்த பாண் துண்டை எடுத்து முத்தம் குடுத்து மேசையில வைக்கிற மனுசன். ஆர்மேனியாவில எல்லாரும் வீட்டில அப்படித்தானாம்.

பிறகு நாங்கள் ரெண்டு மணிக்கு ஒண்டாத் தேத்தண்ணி குடிக்கப் பழகினம். அப்பதான் தெரிஞ்சது, நான் யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லாமல், மா இல்லாமல், சவுக்காரம் இல்லாமல் குப்பி விளக்கில படிச்ச அதே வருசங்களில அவரும் அங்க கரண்ட் இல்லாமல் படம் படிச்சிருக்கிறார். எங்களுக்கும் பாதை அடைப்பு, அவையளுக்கும் பாதை அடைப்பு. ஆர் கூடக் கஷ்டப்பட்டது எண்டு எங்களுக்குள்ள ஒரு போட்டி நடக்கும். நான் ஜாம் போத்தலில திரி போட்டதைச் சொன்னால், அவர் பள்ளிக்கூட நிலப்பலகையைப் பிடுங்கி அடுப்பில வச்சதைச் சொல்லுவார். நான் குண்டு எண்டால் அவர் பனி எண்டுவார். பனிக்கு என்னட்டப் பதில் இல்லாததால கூடுதலா அவர்தான் வெண்டது.

கியூம்ரி எண்ட ஊராம். பன்னிரண்டு வயசில பூமி ஆடி ஊரில பாதி விழுந்துபோச்சுது. அதுக்குப் பிறகு தாய், தங்கச்சி, அவர், மூண்டு பேரும் ஒரு இரும்புப் பெட்டிக்குள்ள சீவிச்சிருக்கினம், கப்பலில சாமான் ஏத்திற பெட்டி. தகப்பனைப் பற்றிச் சொல்லேல்லை. சொல்லாததால நான் விளங்கிக்கொண்டன். படப் பள்ளிக்கூடத்தில ஒரு அறை மட்டும் விழாமல் நிண்டது. அதுக்குள்ள ஒன்பது பிள்ளையள், ஒரு ஆசிரியர், ஒரு விறகடுப்பு, வெள்ளைச் சாந்தில செய்த ஒரு மனுசத் தலை. ஆரோ பழைய காலத்துக் கிரேக்கனாம். பூமி ஆடேக்க விழுந்து மூக்கு உடைஞ்சிட்டுது. ரெண்டு வருசம் அந்த மூக்கில்லாத தலையை மட்டும்தான் கீறினவை. முதல் நாள் இவர் கெட்டித்தனம் காட்டி வடிவான மூக்கு ஒண்டு வச்சுக் கீற, ஆசிரியர் தலையடிக்குக் கூட்டிக்கொண்டுபோய், மூக்கு எங்க இருக்குது, எனக்கும் காட்டு எண்டாராம். இவர் திரும்பிப் போய் மூக்கை அழிச்சிருக்கிறார்.

தாளுக்கும் பஞ்சம். பழைய தேசப்படங்களின்ர பின்பக்கம்தான் தாள். ஒரு மாதத்துக்கு ஆளுக்கு ஒண்டு. கீறி, அழிச்சு, அதிலயே திரும்பக் கீறோணும். அழிக்கிறதுக்கு ஆசிரியர் ஒவ்வொரு நாளும் காலமை ஆளுக்கு ஒரு சின்னத் துண்டு பாண் குடுப்பாராம். ஊரே பாணுக்கு வரிசையில நிக்குது, இவருக்குப் பாண் எங்கால வருது எண்டு பிள்ளையள் கேட்க, அரசாங்கம் பள்ளிக்கூடத்துக்கெண்டு தாறது எண்டு சொன்னாராம். அவ்வளவுதான் அப்ப எனக்குச் சொன்னது. மிச்சத்தைச் சொல்ல ஒரு வருசம் எடுத்தவர்.

அந்த ஒரு வருசத்தில அவர் எங்கட கன்ரீனில சாப்பிட வந்த எல்லாரையும் கீறியிருப்பார். கீறின எல்லாரையும் அழிச்சார். ஒரு தாள்தான் வச்சிருந்தவர். தடிச்ச தாள், அழிச்சழிச்சுச் சாம்பல் நிறமாகிப்போச்சுது. உங்கட படங்கள் எங்க எண்டு ஒருநாள் கேட்டன். அந்தத் தாளைத் தட்டி, "இதுக்குள்ளதான் எல்லாரும் இருக்கினம். நீங்களும் ஏழெட்டுத் தரம் இருக்கிறியள்" எண்டார்.

மனுசியும் மகளும் கியூம்ரியில. மகளுக்கு அப்ப ஒன்பது வயசு. ரெலிபோனில ஒவ்வொரு நாளும் ரெண்டேகாலுக்குப் பிள்ளை கூப்பிடும், எப்ப எங்களைக் கூப்பிடுவியள் எண்டு. அவையளை இஞ்ச எடுக்கிறதெண்டால் நிரந்தர வேலை எண்டு ஒரு கடதாசி காட்டோணும். விக்காருக்கு அந்தக் கடதாசி இல்லை. அந்த நேரம்தான் நகரத்தின்ர தென்பக்கத்தில ஒரு சின்னப் படப் பள்ளிக்கூடத்தில, பிள்ளையளுக்குப் படிப்பிக்க நிரந்தரமா ஒராள் தேடினவை. எங்கட கந்தோரில சாப்பிட வாற ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளை, தன்னை அவர் கீறேக்க பாத்தவ, வந்து சொன்னவ. மூண்டு கிழமைக்குள்ள பத்துப் படம் கொண்டுபோய்க் காட்டோணும்.

பத்துப் படம். அவரிட்ட ஒண்டும் இல்லை.

நான் அண்டைக்கே போய் நல்ல தாள் பத்து வாங்கிக்கொண்டு வந்து குடுத்தன். முதல் நாள் ஒண்டு கீறினார். கட்டட வாசல் காவல்காரரின்ர முகம், அச்சொட்டு. அடுத்த நாள் பாத்தால் வெறும் தாள். காது பிழையாம். மூண்டாம் நாளும் அப்படி. எனக்கு எங்க இருந்து வந்ததோ தெரியாது, வாயில வந்தபடி பேசினன். பிள்ளை அங்க தகப்பனுக்காகக் காத்துக்கொண்டிருக்குது, நீங்கள் இஞ்ச காதை அழிச்சுக்கொண்டிருக்கிறியள் எண்டன். அப்பதான் மிச்சக் கதை வந்தது.

அவருக்குப் பதினாறு வயசில வந்த வின்ரர்தான் எல்லாத்திலும் மோசமாம். தங்கச்சிக்கு ஆறு வயசு. ஆசிரியர் அழிக்கத் தாற பாணை இவர் பொக்கற்றுக்குள்ள வச்சுக் கொண்டுபோய்த் தங்கச்சிக்குக் குடுத்திருக்கிறார். வின்ரர் முழுக்க. பாண் இல்லாததால அழிக்க ஏலாது. அழிக்க ஏலாததால பிழைவிட ஏலாது. அரை நாள் தலையைப் பாத்துக்கொண்டே இருப்பாராம், பிறகு ஒரே கோடு. மாசி மாதம் ஆசிரியர் இவற்ற படத்தைத் தூக்கி எல்லாருக்கும் காட்டி, பாருங்கோ, இவனுக்குப் பாணே தேவைப்படுறேல்லை எண்டு புகழ்ந்திருக்கிறார். மற்ற எட்டுப் பேரும் கை தட்டினவை.

அடுத்த வின்ரருக்கு ஆசிரியர் இல்லை. நெஞ்சுச் சளி. செத்தவீட்டில அவற்ற மனுசி சொல்லித்தான் தெரியும், அரசாங்கம் ஒண்டும் தரேல்லை, அவர் குடுத்தது அந்த வீட்டில ரெண்டு பேருக்கும் கிடைச்ச பங்கீட்டுப் பாண்.

"அவருக்குத் தெரியாது," எண்டார். "நான் களவெடுத்தது கடைசிவரைக்கும் அவருக்குத் தெரியாது. என்னைக் கெட்டிக்காரன் எண்டு நினைச்சுக்கொண்டு போய்ச் சேந்திட்டார்."

தங்கச்சி எப்படி எண்டு கேட்டன். கியூம்ரியில கடை வச்சிருக்கிறாவாம், ஆள் நல்ல மொத்தமாம், தான் திண்ட பாண் எங்கால வந்தது எண்டு இன்னும் தெரியாதாம். இதைச் சொல்லேக்க மட்டும் சிரிச்சார். அப்ப அழிக்காமல் விட்டதுக்கெல்லாம் சேர்த்து இப்ப அழிக்கிறன் எண்டார். எனக்கு அழுகை வந்தது. ஆனால் பிள்ளையின்ர ரெலிபோன் ரெண்டேகாலுக்கு வந்துகொண்டுதான் இருந்தது.

நான் யோசிச்சன். இந்த மனுசன் கடைப் பாணால அழிக்காது. அழிறப்பர் தொடாது. அப்ப சாவி என்ர கையில இருக்குது. அடுத்த நாள் அவர் வந்து கேட்க, பாண் தர ஏலாது எண்டு சொன்னன். புதுச் சட்டமாம், மிச்சப் பாணை எல்லாம் கட்டி அனுப்போணுமாம், மேலிடத்துக் கட்டளையாம். பச்சைப் பொய். கோயிலுக்குப் போற மனுசி, முகத்தைப் பாத்துச் சொன்னன். அவர் தலையை ஆட்டிப்போட்டுப் போனார். நான் மத்தியானச் சாப்பாட்டை மட்டும் நிப்பாட்டேல்லை.

அதுக்குப் பிறகு அவர் கீறின விதம் மாறிப்போச்சுது. நெடுகப் பாத்துக்கொண்டு இருப்பார். தேத்தண்ணி ஆறிப்போகும். பிறகு கரி தாளில படும், நிக்காது. ரெண்டரைக் கிழமையில ஒன்பது படம் நிண்டுது. காவல்காரர், சூப் வாங்க வரிசையில நிக்கிற ஆக்கள், கழுவின கோப்பையளின்ர அடுக்கு, இடுப்பில கையோட நான். எனக்கு உள்ளுக்குள்ள பெருமை தாங்கேல்லை.

பத்தாவதுக்கு ஆசிரியரைக் கீறினார். அண்டைக்கு நான் தேங்காய்ப்பூ றொட்டி சுட்டுக் கொண்டுபோனனான், நல்லாப் பட்டர் போட்டு. வேலையில நிண்ட நான் திரும்பிப் பாக்க, அவர் திண்டு மிஞ்சின றொட்டியைப் பிச்சு உருட்டி ஆசிரியரின்ர முகத்தில வச்சுத் தேய்க்கிறார். கத்திக்கொண்டு ஓடினன். நான் போய்ச் சேரேக்க, ஆசிரியரின்ர ஒரு பக்கக் கன்னமெல்லாம் எண்ணெய். கரி போகேல்லை; எண்ணெய் ஊறித் தாளோட ஒட்டிப்போச்சுது. அவர் றொட்டித் துண்டை வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்தார்.

"அக்கா, இதுக்குள்ள என்ன போட்டனீங்கள்?"

தேங்காய், பட்டர் எண்டன். வேறென்ன சொல்ல. கடைசித் தாள். அடுத்த நாள் காட்டோணும். மன்னிச்சுக்கொள்ளுங்கோ, பாண் விசயத்தில நான் பொய் சொன்னனான் எண்டு அப்பவே ஒத்துக்கொண்டன். அவருக்குக் கோவம் வரேல்லை. "எனக்கு முதல் நாளே தெரியும். அந்த வாளியைக் கழுவிறது நான்தானே" எண்டார். பாண் நிறையக் கிடந்ததை ஒவ்வொரு நாளும் கண்டிருக்கிறார். அப்ப ஏன் என்னைக் கேட்கேல்லை எண்டதுக்கு, நல்லதுக்குச் செய்யிற ஒருத்தரை எப்படிப் பிடிக்கிறது எண்டு கேட்டார். எனக்கு முகத்தை எங்க வைக்கிறது எண்டு தெரியேல்லை.

பத்தையும் கொண்டுபோனார். பள்ளிக்கூடத் தலைவி ஒன்பதையும் பாத்து நல்லம் நல்லம் எண்டு வச்சிட்டு, எண்ணெய் பட்டதைக் கையில எடுத்து யன்னலுக்கு நேர பிடிச்சு, ஆர் இவர் எண்டு கேட்டவவாம். இவர் றொட்டியில தொடங்கிப் பாண்வரைக்கும் எல்லாத்தையும் நொண்டி நோர்ஸ்க்கில சொல்லி முடிக்க முக்கால் மணித்தியாலம் போச்சுதாம். வேலை கிடைச்சது. கடதாசியும் கிடைச்சது. அடுத்த கோடைக்கு மனுசியும் மகளும் வந்து இறங்கினவை. மகள் கன்ரீனுக்கு வந்து என்னைக் கண்ட உடன இடுப்பில கையை வச்சு என்ர மாதிரி நிண்டு காட்டிச் சிரிச்சுது. படத்தில பாத்திருக்குதாம்.

பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகும் பாணுக்கு என்னட்டத்தான் வருவார், செவ்வாயும் வியாழனும். நான் அதுக்குப் பிறகு ஒளிக்கேல்லை. அவரும் முந்தின மாதிரி எல்லாத்தையும் அழிக்கிறேல்லை எண்டு மனுசி சொன்னா, பாதியை வைக்கிறாராம்.

ஒரு வியாழன் அவர் வரேல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், டொக்டரிட்டப் போய் நேர வகுப்புக்கு வாறன் எண்டு செய்தி போட்டிருந்தார். நான் வேலை முடிய பாண் பையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனன். எட்டு, ஒன்பது வயசுப் பிள்ளையள் பன்னிரண்டு பேர். நடுவில இலை மூடின ஒரு முட்டைக்கோவா வச்சிருக்குது, கீறுறதுக்கு. ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னால ரெண்டு துண்டு பாண். ஒண்டு தின்ன, ஒண்டு அழிக்க. தின்னிறது அவர் கடையில வாங்கினது, அழிக்கிறது என்ர கன்ரீன் பாண். முதல் துண்டைத் திண்டு முடிச்சால்தான் கரி கையில குடுப்பார். நான் பின்னுக்கு ஒரு நீட்டு வாங்கில கோட்டோட இருந்தன்.

எனக்கு நேர முன்னால, ரெண்டாவது வரிசையில மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒரு பெட்டைப்பிள்ளை. அங்கால இஞ்சால பாத்திட்டு அழிக்கிற பாணை மெல்ல எடுத்துக் கோட்டுப் பொக்கற்றுக்குள்ள வச்சுது. பிறகு ஒண்டும் தெரியாத மாதிரிக் கோவாவைக் கீறத் தொடங்கிவிட்டுது. அவர் அப்ப பலகைக்கு முன்னால நிண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர். சொன்னது பாதியில நிண்டுபோச்சுது. ஏசப்போறார் எண்டு நினைச்சன். அவர் ஏசேல்லை. கொஞ்ச நேரம் அந்தப் பிள்ளையையே பாத்துக்கொண்டு நிண்டார், பிறகு விட்ட இடத்தில இருந்து சொன்னார்.

வகுப்பு முடிய நான் அந்தப் பிள்ளைக்குக் கோட்டுச் சிப் பூட்டிவிடுற சாட்டில கேட்டன். குளத்தில நீந்திற தாராக் குஞ்சுகளுக்குப் போடவாம்.

எல்லாரும் போன பிறகு அவர் மேசை மேசையாப் பாண் தூளைக் கையில கூட்டி எடுத்தார்.

"அந்தப் பிள்ளை வச்சதைக் கண்டனீங்களோ?" எண்டு கேட்டார்.

ஓம் எண்டன், நான் கிட்டத்தானே இருந்தனான்.

"இஞ்ச முன்னால வந்து நில்லுங்கோ, அக்கா."

போய், அவர் நிண்ட இடத்தில நிண்டன். பன்னிரண்டு கதிரையும் தெரிஞ்சுது. மேசைக்குக் கீழ என்ன கிடக்குது எண்டதும் தெரிஞ்சுது.

"எங்கட அறை இதிலும் சின்னன்," எண்டார். "ஒன்பது பேர்தான்."

ஆசிரியர் தூக்கிக் காட்டின அந்தப் படம் எனக்கு ஞாபகம் வந்தது. அவர் பிள்ளையள் இருக்கிற சின்னக் கதிரையில இருந்து, கையில பாண் தூளைப் பொத்திப் பிடிச்சபடி அழுதார். நல்லா அழுதார். நான் பக்கத்துக் கதிரையில இருந்தன், முழங்கால் நெஞ்சில முட்ட. வீட்டை போற ரெயின் ரெண்டு போயிருக்கும்.

அடுத்த செவ்வாய் பாணுக்கு வந்தவர், இனி ஆளுக்கு மூண்டு துண்டு வைக்கப்போறன் எண்டார். ஒண்டு தின்ன, ஒண்டு அழிக்க, மூண்டாவது என்னத்துக்கு எண்டு கேட்டன்.

"பொக்கற்றுக்குள்ள வைக்க," எண்டார்.